காந்தம் சொல்லாததைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு அம்மா எழுதியிருந்தார். மகளின் கல்யாணச் சீருக்கு வாங்கிய எவர்சில்வர் அண்டா இரண்டே வருடத்தில் அடியில் துரு கட்டிவிட்டதாம், கடைக்காரர் ஏமாற்றிவிட்டாராம். மூன்று நாள் கழித்து இன்னொருவர் அதற்குப் பதில் எழுதினார். அசல் எவர்சில்வர் எந்தக் காலத்திலும் துருப்பிடிக்காது, வாங்கும்போதே காந்தம் வைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்றார். அந்த அம்மாவின் கோபம் நியாயமானது. பதில் எழுதியவர் சொன்ன இரண்டுமே தப்பு. என் கடிதம் கொஞ்சம் நீளும். இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், காந்த விஷயத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

நான் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் 31 வருடம் ஆர்கான் வெல்டிங் செய்தவன். திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு மிஷின் செய்து கொடுத்த பட்டறை அது. இடது கண் மங்கியதும் வேலையை விட்டுவிட்டுப் பல்லடம் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். படிப்பு பத்தாவதோடு சரி. எவர்சில்வர் தகடு மட்டும் கைக்குப் பழக்கம்.

என் வீட்டுக் கதையில் இருந்தே தொடங்குகிறேன். மகனுக்குக் கல்யாணம் முடிந்து ஆர்.எஸ்.புரத்தில் வாடகை வீடு பார்த்தபோது, குழாய் வைத்த தண்ணீர் டிரம் இரண்டு வாங்கினோம். ஒரே கடை, ஒரே நாள், ஒரே அளவு. ஒன்று அவனுக்கு, ஒன்று எங்களுக்கு. எட்டு மாதத்தில் எங்கள் டிரம்மின் அடியில் காப்பிப்பொடி சிந்தினதைப் போலப் புள்ளி புள்ளியாக வந்துவிட்டது. அவன் வீட்டு டிரம் இன்றைக்கும் முகம் பார்க்கலாம்.

"ஏனுங்க, நமக்கு மட்டும் மட்டச் சரக்கைத் தள்ளிவுட்டுட்டானுங்களா?" என்று என் வீட்டம்மா கேட்டாள். எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான். பட்டறையில் இருந்து கொண்டுவந்த சொட்டு மருந்து ஒன்று என்னிடம் இருந்தது. தகட்டின் மேல் ஒரு சொட்டு விட்டு, 9 வோல்ட் பேட்டரியின் ஒரு முனையைத் தகட்டிலும் மற்றதைச் சொட்டிலும் தொட வேண்டும். மாங்கனீசு தூக்கலாகப் போட்ட மட்டத் தகடு என்றால் சொட்டு சிவக்கும். எங்கள் டிரம்மில் சிவந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டுக்குப் போனபோது மருந்தைப் பையில் போட்டுக்கொண்டே போனேன். அங்கேயும் அதே சிவப்பு. மருமகள் பார்த்துவிட்டு, "மாமா, வந்ததும் வராததுமா டிரம்முக்கு என்னுங்க பரிசோதன?" என்று சிரித்தாள்.

ஆக, சரக்கு ஒன்றுதான். தண்ணீர்தான் வேறு. அங்கே சிறுவாணி ஆற்றின் நல்ல தண்ணீர். இங்கே எங்களுக்கு ஆற்றுத் தண்ணீர் வாரம் ஒரு தடவை வரும், அது குடிக்கவே பத்தாது. மற்ற எல்லாவற்றுக்கும் 700 அடி போர்த் தண்ணீர். டிரம்மில் அதைத்தான் பிடித்து வைத்தோம். குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். தண்ணீரின் உப்பைக் காட்டுகிற குளோரைடு லிட்டருக்கு 640 மில்லிகிராம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தில் அது 250க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1000 வரை பொறுத்துக்கொள்ளலாம். நாங்கள் பட்டறையில் வைத்திருந்த கணக்கு வேறு. எவர்சில்வர் தகட்டுக்குத் தரத்தைச் சொல்ல எண் உண்டு. அதில் 304 என்கிற தகட்டுக்கு, சூடு ஏறாத தண்ணீரில் குளோரைடு 200 வரை பயமில்லை. அதைவிட உசத்தியான 316 என்றால் 1000 வரை போகலாம். என் டிரம்மோ 304க்கும் கீழே உள்ள சரக்கு. எட்டு மாதம் தாங்கியதே பெரிது.

துரு எங்கே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, வலது கண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். அகலமாக இருக்கிற பக்கத்தில், நாள் முழுக்கத் தண்ணீர் தொடுகிற இடத்தில், ஒரு புள்ளி இல்லை. அடி வளையத்தை மடித்திருக்கிறார்களே, அந்த மடிப்பின் ஓரமாகத்தான் வரிசையாக நின்றது. அடுத்து, குழாய் பூட்டிய வாஷருக்கு அடியில். வாஷரைக் கழற்றினால் அதன் வட்டம் அப்படியே பழுப்பாகத் தெரிந்தது, ரப்பர் முத்திரை குத்தினதைப் போல. தண்ணீர் நுழைகிற, ஆனால் வெளியே வர முடியாத இடங்கள் இவை. மடிப்பில் நின்ற தண்ணீர் காயக் காய உப்பு மட்டும் தங்கும். மறுநாள் மறுபடி தண்ணீர், மறுபடி உப்பு. ஆய்வகத்தில் 640 என்று இருந்தது அந்த மடிப்புக்குள் எத்தனை ஆயிரமாக ஏறியிருக்குமோ.

இது ஏன் என்று எங்கள் மேஸ்திரி சொல்லிக் கொடுத்த விதத்திலேயே சொல்கிறேன். எவர்சில்வரும் இரும்புதான். அதில் குரோமியம் குறைந்தது பத்தரைச் சதவீதம் இருந்தால்தான் அந்தப் பெயரே. அந்தக் குரோமியம் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு படலம் கட்டிக்கொள்ளும். தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூட அது வராது. கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. காய்ச்சின பாலில் ஆடை படிவதைப் போலத்தான், எடுத்துவிட்டால் திரும்பவும் படியும். கரண்டியால் சுரண்டு, கத்தியால் கீறு, அடுத்த நொடியே மூடிக்கொள்ளும். பெயிண்டும் பூச்சும் அப்படிச் செய்யாது. கீறினால் கீறின இடம் கீறினதுதான். ஆனால் படலம் கட்டக் காற்று வேண்டும். மடிப்புக்குள்ளும் வாஷருக்கு அடியிலும் காற்று போகாது. படலத்தைத் துளைப்பதில் உப்பைப் போல வேறொன்றும் இல்லை. காற்றில்லாத இடத்தில் உப்பும் சேர்ந்துவிட்டால் எவர்சில்வர் வெறும் இரும்புதான்.

பெயரிலேயே ஒரு வம்பு இருக்கிறது. 1913இல் இங்கிலாந்தின் செஃபீல்டு ஊரில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேயாமல் இருக்க ஒரு எஃகு தேடியபோது இதை உருக்கி எடுத்தார். அவர் இதை 'ரஸ்ட்லெஸ்', அதாவது துருவே இல்லாதது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை வினிகரில் போட்டுப் பார்த்த எர்னெஸ்ட் ஸ்டூவர்ட் என்கிற கத்திப்பட்டறைக்காரர்தான், இது 'ஸ்டெயின்லெஸ்', கறை படியாதது என்று பெயரை மாற்றினார். இங்கிலீஷ்காரன் கறையோடு நிறுத்திக்கொண்டான். நாம் பாடப்புத்தகத்தில் 'துருப்பிடிக்காத எஃகு' என்று எழுதி, பிரியர்லியின் பழைய பேராசைக்கே போய்விட்டோம். கடைத்தெருவில் அதையும் தாண்டி எவர்சில்வர், என்றைக்கும் வெள்ளி என்றே ஆகிவிட்டது. அப்படி ஒரு பேரை வைத்துவிட்டு, அடியில் ஒரு புள்ளி கண்டதும் ஏமாந்துவிட்டோம் என்றால் எப்படி?

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் அப்பத்தா காலத்தில் பித்தளைக்கு ஈயம் பூசுகிறவன் தெருவில் எப்போது வருவான் என்று காத்துக்கிடப்பார்கள். ஈயம் தேய்ந்த பாத்திரத்தில் புளி ஊற்றினால் களிம்பு ஏறிவிடும். எவர்சில்வர் வந்து அந்த வெசனத்தைத் தீர்த்தது. பச்சைப்புளி ரசத்தை ராத்திரி முழுக்க எவர்சில்வர் போசியில் வைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. மோர், தக்காளி, எலுமிச்சை எதுவானாலும் அன்றாடப் புழக்கத்தில் அசராது. புளிப்பைத் தாங்கும். உப்புதான் அதற்கு ஆகாது. எங்கள் அம்மா காரணம் தெரியாமலே கல்லுப்பைக் கடைசிவரை பீங்கான் சாடியில்தான் வைத்திருந்தாள். இப்போது அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் உப்பைக் கொட்டி வைக்கிறார்கள். ஈரக் கையோடு அள்ளினால் அது அடியில் கசிந்து நிற்கும். ஒரு மாதம் கழித்துக் கொட்டிப் பாருங்கள், டப்பாவின் அடி ஊசியால் குத்தினதைப் போல இருக்கும்.

சமைக்கிறவர்களுக்கு இன்னொன்று. உலை கொதித்த பிறகு உப்புப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் கல்லுப்பைப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தால், கல் கரையும்வரை அடியில் ஒரே இடத்தில் கிடந்து தகட்டைக் குத்தும். குக்கரின் அடியிலும் குண்டாவின் அடியிலும் வெள்ளையாகச் சின்னச் சின்னக் குழி பார்த்திருப்பீர்களே, பாதிப்பேர் வீட்டில் அது இப்படி வந்ததுதான்.

பழுப்பாக எதைப் பார்த்தாலும் எவர்சில்வர் துருப்பிடித்தது என்று முடிவு கட்டாதீர்கள். பட்டறையில் ஒரு சம்பவம். ஒரு சாய மிஷின் முடிந்து, பஃப் போட்டு மெருகேற்றி, கண்ணாடி மாதிரி நின்றது. பட்டறையின் அடுத்த பகுதியில் ஒரு பையன் சாதா இரும்புச் சட்டத்துக்குக் கிரைண்டிங் போட்டுக்கொண்டிருந்தான். பொறி எங்கள் மிஷின் மேல் வந்து விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. ராத்திரி லாரியில் ஏற்றியாயிற்று, வழியில் மழை. காலையில் பார்ட்டி தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் மிஷின் முழுக்க அம்மை போட்டது மாதிரி செம்புள்ளி. "இது எவர்சில்வரா, இல்ல ஏமாத்து வேலையா?" என்று இறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்.

மேஸ்திரி பதறவில்லை. பிக்லிங் பேஸ்டைத் தடவி, கழுவி, மத்தியானத்துக்குள் பழையபடி ஆக்கிவிட்டார். (அந்தப் பேஸ்ட் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் கலந்தது. கையில் பட்டால் எலும்புவரை போகும். வீட்டில் யாரும் வாங்கிப் பரீட்சை பார்க்க வேண்டாம்.) "துருப்பிடிச்சது நம்ம மிஷின் இல்லீடா, பக்கத்து ஊட்டு இரும்பு" என்றார். ஒட்டிக்கொண்ட இரும்புத் தூள்தான் துருவேறியது, அடியில் தகடு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு எவர்சில்வருக்குத் தனி வீல், தனி பிரஷ், தனி மேஜை என்று பிரித்துவிட்டோம். அந்தப் பையனுக்கு விழுந்த அறையில் பாதி எனக்கு விழுந்திருக்க வேண்டும், தார்ப்பாய் போட்டது நான்தான்.

இதேதான் சமையலறையிலும் நடக்கிறது. பாத்திரம் விளக்க இரும்புக் கம்பி நார் வாங்குகிறார்கள். அது தேயத் தேயத் தூள் உதிரும். ராத்திரி தொட்டியில் நாரைப் போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் தொட்டியில் நாரின் நிழல் பழுப்பாகப் படிந்திருக்கும். பழைய இரும்புக் குழாயில் வருகிற தண்ணீரும் இப்படிக் கறை போடும். கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். அரை எலுமிச்சம்பழத்தை எடுத்துப் புள்ளியின் மேல் தேயுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவித் துடையுங்கள். புள்ளி போய்விட்டதா? போன இடத்தில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது வெளியிலிருந்து வந்த துரு, கவலை இல்லை. நகம் எங்காவது தட்டி நின்றால், அங்கே ஊசிமுனைக் குழி விழுந்திருக்கிறது, தகடே போகத் தொடங்கிவிட்டது. கடையில் போய்ச் சண்டை போடுவதற்கு முன்னால் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்துவிட்டுப் போங்கள்.

எங்கள் டிரம்மில் நகம் தட்டியது.

இனி காந்தம். டிரம் வாங்கிய கடையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். கல்லாவில் இருந்த தம்பி மேஜை டிராயரில் இருந்து ஒரு ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து டிரம்மில் வைத்தான். வழுகி விழுந்தது. "பாத்தீங்களாண்ணா, ஒட்டலீங்கல்ல? ஒரிஜினல் சரக்குங்க." எனக்குத் தெரிந்திருந்தும், கூட்டமாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. வீட்டுக்கு வந்து சொட்டு மருந்தில் சிவந்தது இதே 'ஒட்டாத ஒரிஜினல்'தான்.

காந்தம் எதைக் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் போய்விடும். எவர்சில்வரில் நிக்கல் சேர்த்தால் காந்தம் ஒட்டாது. நிக்கல் விலை அதிகம் என்பதால், அதில் பாதியையோ முக்காலையோ எடுத்துவிட்டு மாங்கனீசைப் போட்டாலும் ஒட்டாது. 304இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். பாத்திரத்தின் அடியில் 18/8 என்று குத்தியிருப்பது இதைத்தான். 202இல் நிக்கல் நாலில் இருந்து ஆறு, மாங்கனீசு ஏழரையில் இருந்து பத்து. அதற்கும் கீழே நிக்கல் ஒரு சதவீதத்தை ஒட்டி நிற்கிற தகடும் ஓடுகிறது. இவை எல்லாவற்றிலும் காந்தம் வழுகித்தான் விழும். துருவைத் தாங்குவதில் மட்டும் மாமியாருக்கும் மருமகளுக்கும் உள்ள தூரம்.

இதற்கு நேர்மாறாக, காந்தம் 'டப்'பென்று ஒட்டுகிற எவர்சில்வரும் உண்டு. 430 என்பார்கள். நிக்கலே கிடையாது, குரோமியம் 16இல் இருந்து 18. உப்பில் 304 அளவுக்கு நிற்காது, ஆனால் வீட்டுக்குள் சாதாரணப் புழக்கத்துக்கு நல்ல தகடு. இன்டக்ஷன் அடுப்புக்கென்று விற்கிற பாத்திரங்களில் அடித்தகடு காந்தம் ஒட்டுகிற இனமாக இருந்தே ஆக வேண்டும், ஒட்டாவிட்டால் அடுப்பே சூடாக்காது. இன்னும் நம்பிக்கை வராதவர்கள் 1992க்குப் பிறகு வந்த எவர்சில்வர் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் காந்தத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டும். அது குரோமியம் போட்ட, நிக்கல் இல்லாத எவர்சில்வர். நாணயம் அடிக்கிற வில்லையை நம் சேலம் உருக்காலையிலேயே வெட்டியிருக்கிறார்கள். வேர்வைக் கையிலும் மீன் மார்க்கெட்டிலும் கோயில் உண்டியலிலும் இத்தனை வருடம் புரண்ட ரூபாய் துருவேறி எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? காந்தக் கணக்குப்படி பார்த்தால் அது போலி, என் டிரம் அசல்.

இன்னொரு கூத்தும் உண்டு. அசல் 304 தகட்டையே வளைத்து, இழுத்து, மடித்துப் பாத்திரமாக்கும்போது, வளைந்த இடத்தில் கொஞ்சம் காந்த குணம் வந்துவிடும். நல்ல சொம்பின் கழுத்தில் காந்தம் லேசாக இழுக்கும். அதைப் பார்த்துவிட்டு நல்ல சரக்கை வைத்துவிட்டு மட்டச் சரக்கை வாங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் என் மச்சினன்.

சாய மிஷினில் இந்த எண்களோடுதான் எங்களுக்குப் பிழைப்பு. பருத்திக்குச் சாயம் ஏற உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள், தண்ணீரும் 60 டிகிரிக்கு மேல் சூடேறும். அதனால் 316 தகடுதான் போடுவோம். அதில் மாலிப்டினம் 2இல் இருந்து 3 சதவீதம், உப்புக்கு எதிராக நிற்பது அதுதான். ஒரு பார்ட்டி காசு மிச்சம் பிடிக்க 304லேயே செய்து கொடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். மேஸ்திரி எழுதி வாங்கிக்கொண்டு செய்தார். ஒன்றரை வருடத்தில் வெல்டிங் ஓரமாகக் குழி விழுந்து திரும்பி வந்தது. என் கையால் போட்ட வெல்டிங்தான், பார்க்கவே கூசியது. நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்ததற்காக 2011 ஜனவரி 28இல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்களுக்கும் மாதக்கணக்கில் ஆர்டர் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், திரும்பி வந்த பழைய மிஷின்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத்தான் நான் பாதி பாடம் கற்றேன். நொய்யலுக்கு நாங்கள் எல்லாருமாகச் செய்த பாவத்தை அந்தத் தகடுகளில் பார்த்தேன் என்று சொன்னால் மிகையில்லை. எவர்சில்வரையே தின்ற தண்ணீர், வயலை என்ன செய்திருக்கும்.

அப்படியானால் 304 என்று பார்த்து வாங்கிவிட்டால் போதுமா? அதுவும் இல்லை. என் வீட்டு மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வைத்தேன். உள் டேங்க் 304 என்று பேப்பரிலேயே போட்டிருந்தது, அது உண்மைதான், சொட்டு சிவக்கவில்லை. நாலாவது வருடம் மாடிப்படியில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. வந்த மெக்கானிக், "டேங்க் ஓட்டைங்க, புதுசு மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிரித்து எடுத்து, வெயிலில் காயவைத்து, சிவப்புச் சாயம் தடவித் துடைத்துப் பார்த்தேன். வெல்டிங்கை ஒட்டி மயிரிழை விரிசல்கள், புளியமரத்து வேர் மாதிரி கிளை கிளையாகப் பிரிந்து போயிருந்தன. அந்த இடத்தில் தகடு தேயவே இல்லை, தடிமன் குறையவில்லை, துருப் புள்ளியும் இல்லை. உடைந்திருந்தது, அவ்வளவுதான். உப்புத் தண்ணீர், 60 டிகிரிக்கு மேல் சூடு, வெல்டிங்கில் தங்கிய இழுவிசை. மூன்றும் ஒன்றாகக் கூடினால் 304 இப்படித்தான் விரியும். ஹீட்டர் விற்றவர் என் போர்த் தண்ணீரின் உப்பு எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உள்ளே எனாமல் பூசிய இரும்பு டேங்கைக் கொடுத்திருக்கலாம். 31 வருடம் எவர்சில்வரோடு இருந்த நானே கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வெட்கம்.

காங்கயம் பக்கம் பெரியப்பா மகன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மாடிப்படிக்கு எவர்சில்வர் கைப்பிடி போட்டு, பளபளவென்று இருந்தது. விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் டைல்ஸில் ஒட்டிய சிமெண்ட் போக வேண்டும் என்று தரை முழுக்க ஆசிட் ஊற்றித் தேய்த்தார்கள். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. மறுநாள் காலையில் கைப்பிடி மேலிருந்து கீழ்வரை மஞ்சள் காமாலை வந்தது போல ஆகிவிட்டது. ஆசிட் கைப்பிடியில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை, புகை மட்டும்தான். ஒரம்பரை எல்லாம் வருகிற நேரம். கைப்பிடி போட்டவரைக் கூப்பிட்டு எல்லாரும் திட்டினார்கள். டைல்ஸ் ஆசிட் என்பது உப்பின் அமிலம், எவர்சில்வருக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. நான் போய் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவி, எலுமிச்சைச் சாறு போட்டுத் தேய்த்து ஓரளவுக்குக் கொண்டுவந்தேன். ஆனால் அந்தக் கைப்பிடியும் நிக்கல் குறைந்த மட்டக் குழாய்தான், 304 என்று சொல்லி விற்றது. ஆக அன்றைக்குத் திட்டு வாங்கியவர் செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினார், செய்த தப்புக்கு யாரும் திட்டவில்லை. கழிப்பறை கழுவுகிற திரவத்தால் சமையல் தொட்டியைக் கழுவுகிறவர்களுக்கும் ப்ளீச்சிங் பவுடரை எவர்சில்வர் குடத்தில் கரைக்கிறவர்களுக்கும் இதே கதிதான்.

கத்தியைப் பற்றி ஒரு வரி. எவர்சில்வர் கத்தியில் கூர் நிற்பதற்காகக் கார்பனைக் கூட்டிக் குரோமியத்தைக் குறைப்பார்கள், அதனால் ஈரத்தோடு போட்டால் புள்ளி வரும். துடைத்து வையுங்கள், தீர்ந்தது.

எங்கள் வீட்டில் 1994இல் வாங்கிய கோயமுத்தூர் கிரைண்டர் ஒன்று இன்னும் ஓடுகிறது. டிரம்மில் ஒரு புள்ளி இல்லை. அதே போர்த் தண்ணீரில்தான் இத்தனை வருடமும் கழுவுகிறோம். வித்தியாசம் என்னவென்றால், மாவை வழித்ததும் என் வீட்டம்மா கழுவி, பழைய வேட்டித் துணியில் ஈரம் போகத் துடைத்து, திறந்து வைத்துவிடுவாள். மாவு காய்ந்தால் நாறும் என்பதற்காகச் செய்கிறாள், தகடு பிழைத்துக்கொண்டது. தண்ணீர் டிரம்மை யார் தினமும் துடைக்கிறார்கள்?

இப்போது உங்களிடம் கேட்க வந்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்று ஆணை போட்டது. பாத்திரத்துக்கு உரிய தரத்தின் எண் ஐ.எஸ். 14756. நல்ல காரியம். ஆனால் கைப்பிடிக் குழாய், தண்ணீர்த் தொட்டி, கேட்டு, ஜன்னல் கம்பி என்று பாத்திரம் அல்லாத எவர்சில்வரும் வீட்டுக்குள் நிறைய வருகிறது. அதையெல்லாம் வாங்கும்போது பெரும்பாலும் கடைக்காரரின் வாய் வார்த்தையைத்தான் நம்புகிறோம். கீரைக்கட்டு வாங்கினால் சிறுகீரையா அரைக்கீரையா என்று கேட்டு வாங்குகிறோம். இருபதாயிரம் ரூபாய்க்குக் கைப்பிடி போட்டுவிட்டு, பில்லில் 'எஸ்.எஸ். பைப்' என்று மட்டும் எழுதிக் கொடுப்பதை வாங்கி மடித்துப் பையில் வைக்கிறோம். அந்த எஸ்.எஸ். 202ஆ, 304ஆ, 316ஆ என்று ஒரு எண் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள் என்று உங்கள் நாளிதழ் ஒரு கட்டம் கட்டிப் போட்டால் போதும், நான் பத்துக் கடிதம் எழுதுவதற்குச் சமம். உங்களுக்கு வருகிற விளம்பரங்களிலும் '100 சதவீதம் எவர்சில்வர்' என்று வந்தால், எந்த எண் என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். அது உங்கள் கையில் இருக்கிறது.

202ஐ மட்டச் சரக்கு என்று எழுதிவிட்டேன், அது கொஞ்சம் அநியாயம். என் மகன் வீட்டில் அதே தகடு நன்றாகத்தான் இருக்கிறது. நல்ல தண்ணீர் வருகிற வீட்டில் சொம்புக்கும் வட்டலுக்கும் தூக்குப்போசிக்கும் அது தாராளமாகப் போதும், விலையும் கைக்கு அடங்கும். 202 என்று சொல்லி, 202இன் விலைக்கு விற்றால் யாருக்கு என்ன மனக்குறை?

சீர் அண்டா பற்றி எழுதிய அம்மாவுக்கு: அம்மிணி, அண்டாவைக் கவிழ்த்து, அடி மடிப்பை ஒருமுறை பாருங்கள். உங்கள் ஊர்த் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துக் குளோரைடு எவ்வளவு என்று கேளுங்கள். புள்ளியை எலுமிச்சை போட்டுத் தேய்த்து நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டவில்லையென்றால் அண்டா பிழைத்தது, இனிமேல் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். தட்டினால், அதில் தண்ணீர் பிடிப்பதை நிறுத்திவிட்டு அரிசி கொட்டி வையுங்கள், இன்னும் இருபது வருடம் வரும். எங்கள் டிரம்மில் இப்போது கம்பு இருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் ஆர்கான் வெல்டர் ஒருவர்,
பல்லடம் வட்டம்.